மோட்டார் ஷெட்டில் இரண்டு வாட்சுகள்

"மணி என்னக்கா?" என்று கேட்டால் அவர் மணி சொல்லமாட்டார். "எந்த வாச்சுல?" என்று திருப்பிக் கேட்பார். கேலிக்காகக் கேட்பதில்லை. அவருடைய இடது கையில் ஒரு வாட்ச் இருக்கும். இன்னொன்று மோட்டார் ஷெட்டின் ஜன்னல் கம்பியில் தொங்கும். இரண்டுக்கும் இன்றைக்கு எத்தனை நிமிடம் வித்தியாசம், நேற்றைக்கு எத்தனை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அது தெரிந்த பிறகு ஏதோ ஒன்றைப் பார்த்து மணி சொல்லிவிட அவருக்கு மனசு வராது.

மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையின் ஓரத்தில் அந்த ஷெட் இருந்தது. ஆழ்துளைப் போரிலிருந்து உப்புத் தண்ணீரை இழுத்து வாய்க்காலில் விடுகிற மோட்டார் அதற்குள் ஓடும். ஆறு குத்தகைக்காரர்களுக்குப் பொதுவான மோட்டார். ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை. மோட்டாரைப் போடுவது, நிறுத்துவது, வாய்க்காலை அடுத்தவர் பாத்திப் பக்கம் திருப்பிவிடுவது, இதுதான் அவருடைய வேலை. வயது நாற்பத்தைந்து இருக்கும். எல்லோருக்கும் அவர் மோட்டார்க்கா.

எதிரே பஸ் ஸ்டாப். நிறுத்தம் என்று பெயர்தானே ஒழிய அங்கே கூரை கிடையாது, மரம் கிடையாது. உப்பளத்தில் மரம் எங்கே முளைக்கும். காலை ஏழே முக்காலுக்கே வெள்ளை வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். நான் திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பஸ் வரும்வரை ஷெட்டின் சுவரோரம் ஒதுங்குவேன். அப்படித்தான் பழக்கம்.

அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த இரண்டு ஆண்களும் சண்டை தாங்காமல் போய்விட்டார்களாம். தண்ணீர் போதாத மாதங்களில் ஒவ்வொருவரும் தன் வாட்சைக் காட்டி, இன்னும் பத்து நிமிஷம் இருக்குது, கால் மணி இருக்குது என்று சட்டையைப் பிடிப்பார்கள். செல்லைப் பாத்திக்குள் எடுத்துப் போக யாருக்கும் தைரியம் கிடையாது. உப்புத் தண்ணீர் பட்டால் முடிந்தது. இவர் வந்ததும் ஒரு வழி செய்தார். முறை தொடங்கும்போது தன்னுடைய இரண்டு வாட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முறைக்காரருக்குக் காட்டுவார். ஒன்றை அவரிடம் கொடுத்தனுப்புவார். அவர் அதைக் கட்டிக்கொண்டு பாத்திக்குப் போய் வேலையைப் பார்க்கலாம். நேரம் முடிந்ததும் ஷெட்டுக்கே வந்து இரண்டையும் மறுபடி சேர்த்து வைக்க வேண்டும்.

"ரெண்டும் ஒண்ணா பொறப்படணும், ஒண்ணா வந்து நிக்கணும் சார். நடுவுல எங்க வேணா போய்ட்டு வரட்டும். பக்கத்துல வச்சப்புறம்தான் பேச்சு."

இந்தப் பழக்கத்தை அவர் ஷெட்டோடு விடவில்லை. ரேஷன் கடைக்காரர் ஒருநாள் ஒரு மணி ஆகிவிட்டது என்று ஷட்டரை இறக்கப்போக, இவர் இரண்டு வாட்சையும் கழற்றிக் கல்லாப் பலகையில் வைத்துவிட்டு, "உங்க கடியாரத்தயும் எறக்கி இதுங்க பக்கத்துல வைங்க, மூணும் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார். சுவர்க் கடிகாரத்தை இறக்கப் போனால் ஸ்டூல் வேண்டும். ஸ்டூல் இல்லை. கடைக்காரர் அலுத்துப்போய் பத்துப் பேருக்குச் சர்க்கரை போட்டார். இதை எனக்குச் சொன்னவர் வரிசையில் நின்ற ஒருவர். மோட்டார்க்காவிடமே கேட்டபோது, "அவர் கடியாரம் சரியாத்தான் சார் இருந்திச்சு. என்னுது ரெண்டும்தான் லேட்டு" என்றார். அதையும் மறைக்கத் தெரியாது அவருக்கு.

அந்த வருடம் நான் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். கருந்துளைகளைப் பற்றித் தமிழில், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பெரியவர்களும் படிக்கிற மாதிரி. நேரத்தைப் பற்றிய அத்தியாயத்தில் சிக்கி நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அடித்து அடித்து எழுதுவேன்.

"ஒரு மாசமா அதே பக்கத்துல நிக்கறீங்க. என்ன சார் அது?" என்று கேட்டார்.

சொன்னேன். மிகப் பெரிய நட்சத்திரம் ஒன்று எரிந்து தீர்ந்த பிறகு தன் எடையாலேயே உள்ளே நொறுங்கி விழலாம். விழுந்து விழுந்து, ஒளிகூட வெளியே வர முடியாத இடமாகிவிடும். அதுதான் கருந்துளை. அதற்குப் பக்கத்தில் ஈர்ப்பு பயங்கரமாக இருக்கும். ஈர்ப்பு கூடக் கூட நேரம் மெதுவாகப் போகும். எவ்வளவு நெருங்குகிறோம் என்பதைப் பொறுத்து, இங்கே ஒரு வருடம் ஓடுகிற நேரத்தில் அங்கே ஒரே நாள்கூட ஓடலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு நான் எழுதியிருந்த வரியைப் படித்துக் காட்டினேன். அங்கே போகிற பயணிக்கு எல்லாமே மெதுவாகிவிடும், கையைத் தூக்கினால் தேனுக்குள் நகர்வது போல நகரும் என்று எழுதியிருந்தேன்.

நம்பமாட்டார் என்று எதிர்பார்த்தேன். நம்புவதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. சந்தேகம் வேறு இடத்தில் வந்தது.

"போறவன் கையில வாச்சு இருக்குதா சார்?"

"இருக்குது."

"அதுவும் மெதுவாத்தான் ஓடுமா?"

"ஆமா."

"அவன் நாடி?"

"அதுவும்."

"அவன் நெனப்பு?"

கொஞ்சம் யோசித்தேன். "அதுவும்தான்க்கா."

"அப்ப கை மெதுவா போவுதுன்னு அவனுக்கு எப்படி சார் தெரியும்? எல்லாம் ஒண்ணாத்தான போவுது. அவனுக்கு ரெண்டு மணி நேரம்னா ரெண்டு மணி நேரமாத்தான் இருக்கும். திரும்பி வந்து நம்ம வாச்சுகிட்ட அவன் வாச்ச வச்சாத்தான் குட்டு ஒடையும்."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து தேன் வரியை அடித்தேன். அவர் சொன்னதெல்லாம் சமன்பாடுகளாக எனக்குத் தெரிந்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் தமிழில் எழுத உட்கார்ந்ததும் எங்கிருந்தோ தேனைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டேன். அவரிடம் சமன்பாடு இல்லை. இரண்டு வாட்சுகளோடு ஆறு குத்தகைக்காரர்களுக்கு நடுவே நின்று பழகிய பழக்கம்தான் இருந்தது.

மறுநாள் அவரே தொடங்கினார். "அவன் அங்கேருந்து நம்மளப் பார்த்தா எப்படி இருக்கும்?"

"நாம வேகமா ஓடற மாதிரி தெரியும். நம்ம வாச்சு முள்ளு விர்ருனு சுத்தும்."

"நாம அவனப் பார்த்தா?"

"அவன் வாச்சு ஊர்ந்து போற மாதிரி தெரியும்."

"யாரு வாச்சு கெட்டுப்போனது?"

"ரெண்டுமே கெடலக்கா. ரெண்டும் சரிதான்."

அவர் மோட்டார் பெல்ட் ஓடுவதைப் பார்த்தபடியே சொன்னார். "ரெண்டும் சரியா இருந்து ரெண்டும் வேற வேற காட்டுதா. கேக்கவே நல்லா இருக்குது சார். இங்க நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. இங்க ஒரு வாச்சு கெட்டிருக்கும், இல்ல ஒருத்தன் பொய் சொல்லுவான்."

அந்த அத்தியாயம் பத்தே நாளில் முடிந்தது. இரண்டு வாட்சுகளைப் பக்கத்தில் வைத்து நேரம் சரிபார்த்துவிட்டு, ஒன்றை ஒரு ஷெட்டில் தொங்கவிடுகிறோம். இன்னொன்று கருந்துளைக்கு அருகே போய்விட்டுத் திரும்பி வருகிறது. மறுபடி இரண்டையும் சேர்த்து வைக்கிறோம். அவ்வளவுதான் அத்தியாயம். அதில் உயிருள்ள வரி எல்லாம் ஷெட்டில் கேட்டது. எழுதும்போது 'நான் யோசித்துப் பார்த்தேன்' என்று எழுதினேன். அச்சுக்குப் போகும்போதாவது மாற்றியிருக்கலாம். ஒரு உப்பளத்து மோட்டார் ஷெட்டில் கேட்டேன் என்று போட்டால் புத்தகத்தின் மேல் இருக்கிற மதிப்பு குறைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் குறையும் என்று நான் பயந்தது என் மதிப்பு.

புத்தகம் வந்தது. எல்லோரும் அந்த அத்தியாயத்தைத்தான் பாராட்டினார்கள். புதுச்சேரியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, இரண்டு வாட்ச் உதாரணம் உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "உப்பளத்து ஓரமா பஸ்ஸுக்கு நின்னுகிட்டிருந்தேன். சட்டுன்னு தோணிச்சு" என்றேன். கை தட்டினார்கள். இரண்டு நாள் கழித்து அது பேப்பரில் வந்தது, என் போட்டோவோடு.

"பேப்பர்ல வந்திருக்கீங்க சார்" என்றார் மோட்டார்க்கா. "போட்டோ நல்லா விழுந்திருக்குது."

"ஆமாங்க்கா."

"பஸ்ஸுக்கு நிக்கறப்ப தோணிச்சுன்னு போட்டிருக்காங்க."

"அவங்க சுருக்கிப் போட்டுட்டாங்கக்கா. நான் நெறைய சொன்னேன்."

"ஆமா, எடம் இருக்காது" என்றார். அதோடு விட்டுவிட்டார். முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். அவர் ஜன்னல் கம்பியிலிருந்த வாட்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு நான் புத்தகம் கொடுக்கவில்லை. கொடுத்தால் படிப்பார். அவர் பத்தாவது வரை படித்தவர். கொடுக்காமலேயே படித்துவிட்டார், லைப்ரரியில் எடுத்து. ஒருநாள் காலை அந்தப் புத்தகம் அட்டை போட்டு ஷெட்டில் இருந்தது. அவர் அந்த அத்தியாயத்தைத் திறந்தார். அவர் விரல் வைத்த இடம் நான் பயந்த இடம் இல்லை.

"இங்க ஒண்ணு தப்பா இருக்குது சார். 'கருந்துளைக்கு அருகே போய் வந்தவன் தன் ஆயுளைக் கூட்டிக்கொண்டு வருகிறான்'னு எழுதியிருக்கீங்க. எங்க கூடிச்சு?"

"இங்க இருக்கறவங்க எல்லாம் கிழவங்களாயிட்டாங்க, அவன் மட்டும் அப்படியே இருக்கான் இல்லக்கா?"

"இருக்கட்டும். அவன் எத்தன வேள சாப்ட்டான், எத்தன தடவ தூங்கினான்? அதுதான அவன் வாழ்ந்தது. கூட ஒரு வேள சோறு கெடச்சுதா? இல்லியே. அவனுக்கு அவன் நாள்தான் நடந்துச்சு. திரும்பி வந்து பார்த்தா தெரிஞ்ச மனுசங்க இல்ல. அதப் போய் கூடுச்சுன்னா, புள்ளைங்க படிச்சுட்டு நெசம்னு நெனச்சுக்கும்."

அவர் சொன்னதுதான் சரி. அந்த ஒரு வரி அவரிடம் கேட்காமல் நானாக எழுதியது. "அடுத்த பதிப்புல மாத்திடறேன்க்கா" என்றேன்.

அந்தக் கோடையில்தான் தகராறு வந்தது. வாய்க்காலின் கடைசியில் இருந்த பாத்திகளின் குத்தகைக்காரர் தனக்குத் தினமும் கால் மணி நேரத் தண்ணீர் குறைகிறது என்றார். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் நடந்து போய்ச் சேரவே அவ்வளவு நேரம் ஆகும். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் மோட்டார்க்கா முன்கூட்டியே நிறுத்துகிறார், வாட்சில் ஏதோ கோளாறு செய்து வைத்திருக்கிறார் என்று பேச்சைக் கிளப்பினார். "உங்ககிட்ட குடுத்த வாச்ச கொண்டாந்து இது பக்கத்துல வைங்க" என்று இவர் கேட்டபோது, அது பாத்தியில் விழுந்து நின்றுபோய்விட்டது என்றார். விழுவதற்கு முன்னால் பார்த்தேன், இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருந்தது, அதற்குள் பாத்திக்குத் தண்ணீர் நின்றுவிட்டது என்று சாதித்தார். மற்ற ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்களுடைய சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது என்று ஆனது.

சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்குப் போக நான் ஸ்டாப்பில் நின்றபோது அவர் சாலையைத் தாண்டி என்னிடம் வந்தார். ஷெட்டை விட்டு என்னைத் தேடி அவர் வந்தது அந்த ஒரு தடவைதான்.

"நாளைக்கு கொஞ்சம் வர்றீங்களா சார்? நீங்க எனக்காக ஒண்ணும் பேச வேணாம். தூரத்துல இருக்கற ஒரு வாச்ச பார்த்தேன்னு ஒருத்தர் சொன்னா அது பேச்சில்ல, ரெண்டையும் பக்கத்துல வச்சாத்தான் பேச்சு, இத மட்டும் சொல்லுங்க. உங்க புஸ்தகத்துல அந்தப் பக்கத்த படிச்சுக் காட்டினாலே போதும். நான் சொன்னா மோட்டார் ஓட்டற பொம்பள வாயடிக்கறான்னு போயிடும். நீங்க சொன்னா கேப்பாங்க."

"வர்றேன்க்கா" என்றேன்.

"இந்த வேல போச்சுன்னா மறுபடி பாத்தியில எறங்கி உப்பு வாரணும் சார். காலு தாங்காது" என்றார். அவர் முன்பு வாரிக்கொண்டிருந்தவர்தான். குதிகாலில் ஆறாத வெடிப்புகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை சட்டை போட்டு, புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசல் வரை வந்தேன். அந்தப் பக்கத்தை அங்கே படித்தால் என்ன நடக்கும் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அந்த அறையில் இருக்கிற ஆறு பேருக்கும் அது யாருடைய வழக்கம் என்று தெரியும். தினமும் வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறவர்கள். 'இது நம்ம மோட்டார்க்கா சொல்றதாச்சே சார், பேப்பர்ல உங்களுக்குத் தோணிச்சுன்னு இருந்துச்சே' என்று ஒருவர் கேட்டால் போதும். சிரிப்பார்கள். அவருடைய வேலைக்கும் என்னுடைய அந்த ஒரு நிமிட வெட்கத்துக்கும் நடுவே நின்றேன். அதிக நேரம்கூட நிற்கவில்லை. உள்ளே போய் சட்டையைக் கழற்றிவிட்டேன். மதியம் அவர் போன் வந்தது. எடுக்கவில்லை.

திங்கட்கிழமை நானாகச் சொன்னேன். "ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன் வச்சுட்டாங்கக்கா."

"ஞாயித்துக்கெழமையிலயா?" என்று கேட்டார். உடனே, "வைப்பாங்க வைப்பாங்க" என்று அவரே எனக்காகப் பதிலும் சொன்னார். வேலை போயிருந்தது. சாவியை யாரிடமோ ஒப்படைக்கக் காத்திருந்தார். அதே வாரம் ஷெட்டில் ஒரு டைமர் பெட்டியை மாட்டினார்கள். அதன் பிறகும் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் கால் மணி தாமதமாகத்தான் போனது. அந்தக் குத்தகைக்காரர் டைமரோடு சண்டை போடவில்லை.

அந்தக் கோடை முழுக்க அவர் பாத்தியில் நின்று உப்பு வாரினார். பஸ்ஸில் வலது பக்கம் உட்கார்ந்தால் தெரிவார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நீளமான பலகையை இழுத்து இழுத்து, நடுவில் நிமிர்ந்து ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பார். நான் இடது பக்கம் உட்கார ஆரம்பித்தேன். ஸ்டாப்பையும் மாற்றிக்கொண்டேன். அரை கிலோமீட்டர் முன்னால் நடந்து போய் ஏறினேன்.

மழைக் காலத்தில் உப்பளம் மூடியதும் அவர் ஊரை விட்டுப் போனார் என்று கேள்விப்பட்டேன். புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தது. பதிப்பாளர் திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த வரியைத் தொட்டால் அந்த அத்தியாயம் முழுவதையும் தொட வேண்டிவரும் என்று இருந்தது எனக்கு. தப்பான வரி இன்னும் ஆயிரம் பேரிடம் போனது.

மூன்றாம் பதிப்புக்கு வேலை நடந்தபோதுதான் அவரைத் தேடிப் போனேன். நாலு வருடம் ஓடியிருந்தது. ஆரோவில்லில் ஒரு விருந்தினர் இல்லத்துச் சமையலறையில் இருப்பதாகச் சொன்னார்கள். பின்கட்டில் நின்று சொல்லியனுப்பினேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மெலிந்திருந்தார். காலில் செருப்பு போட்டிருந்தார், உள்ளே காலுறை. நலம் விசாரித்தார். என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன். அதைச் சொல்லாமல் பையிலிருந்து ப்ரூஃப் தாளை எடுத்து நீட்டினேன்.

வெளிச்சத்துக்குப் போய் நின்று படித்தார். 'போய் வந்தவனுக்கு ஆயுள் ஒரு நாளும் கூடவில்லை; அவன் வாழ்ந்தது அவனுடைய நாட்களைத்தான்' என்று மாற்றியிருந்தேன். இரண்டு முறை படித்தார்.

"இப்ப சரியா இருக்குது" என்றார். அவர் முகத்தில் வந்த திருப்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு லேசாக இல்லை.

"அக்கா, அன்னிக்கு ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன் எதுவும் இல்ல."

"தெரியும் சார்."

உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வர்றேன் என்று குரல் கொடுத்தார்.

"இந்தப் பதிப்புல முன்னுரையில உங்க பேரப் போடலாம்னு இருக்கேன். இந்த அத்தியாயம் உங்களோடதுன்னு."

அவர் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"வேணாம் சார். நம்ம ஊர்க்காரங்களும் படிப்பாங்க. இவள இவ்ளோ தெரிஞ்சவரு அன்னிக்கு ஏன் வந்து ஒரு வார்த்த சொல்லலன்னு கேப்பாங்க. நீங்க என்ன பதில் சொல்லுவீங்க? உங்களுக்குத்தான் கஷ்டம்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். என் கஷ்டத்தை யோசித்துத்தான் சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார், அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போனார்.

மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது. முன்னுரையில் அவர் பேர் இல்லை. இப்போது எழுதுகிற இதிலும் இல்லை. வேண்டாம் என்று அவர்தான் சொன்னார், அது உண்மை. ஆனால் அவர் அதைச் சொன்ன கணத்தில் என் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி இறங்கியதும் உண்மை. இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்று சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.